யார் சொன்னாலும் இறங்கி வந்த அண்ணன்

பாசமுள்ள உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்த தோழர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

அண்ணனுக்கு முதலாண்டுத் திதி வருகிறது, நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று மதினி போனில் சொன்னபோது நான் கேரட் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். “எழுத உக்காந்தா அழுதுருவேன் மதினி” என்றேன். “அழுதுக்கிட்டு எழுதாத. ஒரு சோலின்னு வந்துட்டா உங்க அண்ணன் எப்படித் துள்ளிக்கிட்டுக் கெளம்புவாரு, அப்படி எழுது” என்றார். அதைக் கேட்டதும் எனக்கே ஒரு துள்ளல் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அண்ணனை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது பரபரப்புதான். கண்ணீர் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

நம் உறவில் பலருக்கு அண்ணன் மின்சார அலுவலகத்தில் ஃபோர்மேனாக இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு வருவார், பாதிப் பந்தியில் போன் வந்து எழுந்து போவார், அவ்வளவுதான். அவர் எதற்காக எழுந்து போனார், அங்கே எப்படிப்பட்ட ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார் என்பதை அவர் போன பிறகு அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லித்தான் நானும் முழுதாகத் தெரிந்துகொண்டேன். கொஞ்சத்தை நானே என் கண்ணால் பார்த்தேன். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பண்ணைக்காட்டில். அப்பாவுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருந்தன. மிளகுக் கொடி ஏறியிருக்கும் சில்வர் ஓக் மரங்களில் அண்ணன் சிறு வயதிலேயே ஏறிப் பழகியவர். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. இறங்குவதற்குத்தான் அம்மா கீழே நின்று கெஞ்ச வேண்டும். பத்தாவதுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. படித்தார். படிப்பு முடிந்து சில வருடம் தினக்கூலிக்கு வயரிங் வேலை பார்த்துவிட்டு, மின்சார வேலையில் ஹெல்பராகச் சேர்ந்தார். முதல் வேலை மலைக்குக் கீழே, வெயில் காயும் ஓர் ஊரில்.

அந்த ஊரில்தான் அண்ணனின் வாழ்க்கையைத் திருப்பிய விபத்து நடந்தது. ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகும் இன்னொரு கம்பியில் மின்சாரம் நிறுத்தப்படவில்லை. அவர் கை அதில் பட்டுவிட்டது. உயிர் பிழைத்தார், வலது கை போய்விட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஹெல்பர் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். அவர் தனக்குள்ளேயே சொல்வது போலச் சொன்னாராம்: “அந்தக் கம்பி நின்னுருக்கான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முந்தாநாள் கேட்டதுக்கே கேவலமாத் திட்டுனாங்களேன்னு இருந்துட்டேன்.”

இதை அண்ணன் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். “ஏத்தா, வேலை தெரியாததால வந்த விபத்தா அது? அங்க நின்ன ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் வாயத் தொறக்குறதுக்கு நாங்க யாரும் எடம் விடல” என்பார். “நாங்க” என்றுதான் சொல்வார், தான் அப்போது கடைசி ஹெல்பர் என்றாலும். கை இழந்த அந்த லைன்மேன் வீட்டுக்குக் கடைசி வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் வந்தார்.

பிறகு வத்தலக்குண்டில் வேலை, அங்கேயே மதினியோடு கல்யாணம், ஒரு மகள். தேர்வு எழுதி ஒவ்வொரு படியாக ஏறி, ஃபோர்மேனாகி, மேல்மலைப் பகுதிக்கு மாற்றலாகி வந்தார். நான் அதற்குள் மன்னவனூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வருகிறார் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அவருக்கோ வந்த முதல் வாரமே முகம் வாடிவிட்டது.

அங்கிருந்த ஆட்களில் யாரும் சோம்பேறி இல்லை. எல்லாரும் வேலைக்காரர்கள். ஆனால் ஒரு ஜீப்பில் போய் ஒரே இடத்தில் இறங்கி, தனித்தனியாக வேலை பார்ப்பார்கள். நிரந்தர ஊழியர்கள் ஜீப்பின் முன்பக்கம், ஒப்பந்த ஆட்கள் பின்னால் கம்பிச் சுருளோடு. சாப்பாட்டுக்கு இவர்கள் ஒரு மரத்தடி, அவர்கள் ஒரு மரத்தடி. ஒப்பந்த ஆட்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “ஏலே”, “ஏய் கயிறு”, “ஏய் ஏணி” என்று கையில் பிடித்திருக்கும் சாமானின் பேராலேயே கூப்பிடுவார்கள். சப் ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கும் கம்பம் ஏறுகிறவர்களுக்கும் போனில் ஓயாத சண்டை.

மூத்த லைன்மேன் பாண்டி. அண்ணனைவிட வயதில் பெரியவர், மேல்மலையின் ஒவ்வொரு கம்பமும் அவருக்கு மனப்பாடம். கீழேயிருந்து ஒரு சின்ன வயதுக்காரர் தேர்வு எழுதித் தன் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. “ஃபோர்மேன் சார்” என்று அவர் கூப்பிடும்போது அந்த ‘சார்’ சற்று நீளமாக வருமாம்.

அண்ணன் கூட்டம் போடவில்லை, பேச்சுப் பேசவில்லை. முதல் நாள் மதியம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஒப்பந்த ஆட்கள் உட்கார்ந்திருந்த மரத்தடிக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம், “உங்க பேரு என்னண்ணே?” என்று கேட்டிருக்கிறார். அவர் சிவலிங்கம். குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அவருக்கும் அண்ணன் வயதுதான். “எதுக்குக் கேக்குறீங்க, நான் ஏதும் பிழை செஞ்சிட்டேனா?” என்று அவர் பயந்து கேட்டாராம். சிவலிங்கம் அண்ணன் இதைச் சொல்லும்போது இப்போதும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். மறுநாள் அண்ணன் இந்த மரத்தடி, அதற்கு மறுநாள் அந்த மரத்தடி. ஒரு மழை நாளில் இரண்டு மரத்தடியும் நனைந்துபோய் எல்லாரும் ஒரே கொட்டகையில் ஒதுங்க வேண்டி வந்தது. அன்றைக்குப் பாண்டி அண்ணன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு கைமாறிப் போய்விட்டது. அதன் பிறகு தனித்தனி மரத்தடி இல்லை.

ஆனால் அண்ணன் விட்டுக்கொடுக்காமல் பிடித்த பிடி ஒன்று உண்டு. கம்பத்தில் ஆள் இருக்கும்போது கீழே நிற்கும் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் “நிறுத்து” என்று சொல்லலாம். சொன்னதும் மேலே இருப்பவர், அவர் யாராக இருந்தாலும், ஏன் என்று கேட்காமல் இறங்க வேண்டும். கேள்வியெல்லாம் தரையில் வந்துதான். சந்தேகம் தப்பாகிப் போனால் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

பாண்டி அண்ணன் சிரித்துவிட்டார். “நாளைக்குச் சாமான் தூக்குறவன் என்னை எறங்கச் சொல்லுவான், நானும் எறங்கணுமாக்கும்?”

“ஆமாண்ணே. நானும் எறங்குவேன்.”

“அப்ப வேலை நடந்த மாதிரித்தான் சார்.”

அந்தப் பேச்சுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. பூம்பாறைப் பக்கம் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் உடைந்திருந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவசரம் என்பதால் அண்ணனே ஏறினார். பாதி வேலையில் கீழேயிருந்து சிவலிங்கம் அண்ணன் “நிறுத்துங்க!” என்று கத்தியிருக்கிறார். அண்ணன் அப்படியே கையை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, வழுக்கும் கம்பத்தில் இறங்கி வந்தார். என்னவென்று கேட்டால், தூரத்துக் கம்பத்தில் ஏதோ பொறி தெரிந்த மாதிரி இருந்தது என்றார் சிவலிங்கம். நடந்து போய்ப் பார்த்தார்கள். ஒரு தகரத் துண்டு மரத்தில் மாட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

எல்லாரும் நனைந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வேறு முணுமுணுக்கிறார்கள். பாண்டி அண்ணன் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம், இப்போது என்ன செய்யப்போகிறார் என்று. “சார், மன்னிச்சுக்கங்க, மழையில சரியாப் பார்க்க ஏலாமப் போச்சு” என்றிருக்கிறார் சிவலிங்கம்.

அண்ணன் அவர் தோளில் கை போட்டு, “பார்க்க முடியாட்டி நிறுத்தத்தான் வேணும். நல்ல வேலை பண்ணீங்க. வாங்க, முதல்ல ஒரு டீ குடிச்சிட்டு ஏறுவோம்” என்று கடைக்குக் கூட்டிப் போனார். போண்டாவும் வந்தது. (அண்ணனுக்குப் போண்டா என்றால் காரணம் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) “தப்பாச் சொன்னவனுக்குப் போண்டா வாங்கிக் குடுத்த ஆளை அன்னைக்குத்தான் பார்த்தேன்” என்று பாண்டி அண்ணன் பதினாறாம் நாள் காரியத்தில் என்னிடம் சொன்னார். “எரிச்சலாத்தான் இருந்துச்சு தங்கச்சி. ஆனா அதுக்கப்புறம் எங்க ஆளுக கண்ணு எல்லாம் நாலா பக்கமும் சுத்த ஆரம்பிச்சிருச்சு.”

சப் ஸ்டேஷன் சண்டையை அவர் தீர்த்த விதம் இன்னும் அழகு. அங்கே பணியில் இருந்த ரோஸ்லினின் குரல்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். லைனை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், விடச் சொன்னால் விடுவார். “அந்தம்மாவுக்கு என்ன, உக்காந்த எடத்துல சோலி” என்பார்கள் இவர்கள். “மரியாதையாப் பேசத் தெரியாத ஆளுங்க” என்பார் அவர். அண்ணன் அதிகாரியிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் ரோஸ்லினைக் கம்பம் ஏறும் இடத்துக்கு ஜீப்பில் அழைத்துப் போனார். இன்னொரு நாள் பாண்டி அண்ணனைச் சப் ஸ்டேஷனில் உட்கார வைத்தார். ஒரே நேரத்தில் போன் விடாமல் அடிப்பதையும், ஒவ்வொரு லைனாகப் பார்த்துப் பார்த்து ரோஸ்லின் பதில் சொல்வதையும் பார்த்துவிட்டு வந்த பாண்டி அண்ணன், “அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடிக்கக்கூட நேரமில்லைப்பா” என்றாராம்.

ரோஸ்லின் அன்று கம்பத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், மேலே இருக்கிறவரின் செருப்பு அடியைப் பார்த்திருக்கிறார். “என் ஒரு விரலு அசைஞ்சா அந்தக் கால் என்னாகும்னு நெனச்சேங்க அக்கா. அன்னிக்கு எனக்கு லஞ்ச் எறங்கலை” என்று சொன்னார். அதிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வேலை முடிந்து லைனை விடச் சொல்லும்போது, ‘எல்லாரும் இறங்கிட்டோம்’ என்றால் ஏற்க மாட்டார். “பேரைச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா” என்பார். பேர் சொல்ல வேண்டும் என்றால் எல்லார் பேரும் தெரிந்திருக்க வேண்டுமே! ‘ஏய் கயிறு’ அதோடு போயே போய்விட்டது.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒருவர் இந்த முறையே பிடிக்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அண்ணனுக்கும் குறை உண்டு. வேலையில் அத்தனை பொறுமைசாலி, வீட்டில் கேரம் பலகையில் தோற்றால் காயைக் கலைத்துவிடுவார். தன் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனது ஒரு முறை இரண்டு முறை இல்லை. மதினி அதைப் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டார் என்றுதான் எழுத வேண்டும், கவலைப்படவே இல்லை என்று எழுதினால் பொய்.

இப்போது அந்தப் புயலுக்கு வருகிறேன். எழுதும்போதே கை பரபரக்கிறது.

அந்தக் கார்த்திகையில் அடித்த காற்றை மேல்மலையில் யாரும் மறக்க முடியாது. பைன் மரங்கள் தீக்குச்சி போல ஒடிந்தன. தைல மரங்கள் வேரோடு சாய்ந்து ரோட்டில் கிடந்தன. மன்னவனூருக்குப் பஸ் இல்லை, பால் இல்லை, போன் டவர் இல்லை, கரண்ட் இல்லை. பிடுங்கிய கேரட், கழுவ மோட்டார் ஓடாமல் மூட்டை மூட்டையாகக் களத்தில் கிடந்தது. நாள் கணக்கில் மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் பட்ட பாடு சொல்லி முடியாது.

ஒரு நாள் காலையில் ஊர் எல்லையிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். “லைன்காரவுக வந்துட்டாக! நடந்தே வர்றாக!” ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜீப்பை மரம் மறித்த இடத்தில் விட்டுவிட்டு, கம்பிச் சுருளைக் கழியில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு, சேறும் சகதியுமாக வரிசையாக வந்தார்கள். முன்னால் பாண்டி அண்ணன், நடுவில் சிவலிங்கம், கடைசியில் சுருளின் பின்முனையைச் சுமந்துகொண்டு எங்கள் அண்ணன். தாடி வளர்ந்து, கண் சிவந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும், “ஏத்தா, என்ன இப்படி எளச்சுக் கெடக்க? கஞ்சி கிஞ்சி இருந்தா ஆளுகளுக்கு வெரசா ஊத்து” என்றார். ஊரே சேர்ந்து சமைத்தது.

ஊர் ஆட்களும் கூட இறங்கினார்கள். மரம் அறுக்க ஒரு பக்கம், கம்பம் தூக்க ஒரு பக்கம். மதியத்துக்குள் பெரும்பகுதி சரியாகிவிட்டது. கடைசியாகத் தோட்டங்களுக்கு மேலே, மேட்டைத் தாண்டிப் போகும் ஒரு பகுதி மட்டும் பாக்கி. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. போன் வேலை செய்யாது, காற்றில் குரலும் எட்டாது. அண்ணன் ஒரு யோசனை செய்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் லைனின் கோடி முனையைப் பார்க்கப் பாண்டி அண்ணனை அனுப்பினார். அவரிடமிருந்து கம்பம் வரைக்கும், ஒருவர் குரல் அடுத்தவருக்குக் கேட்கும் தூரத்தில் ஆட்களை நிறுத்தினார். அவருடைய ஆட்கள் போதவில்லை. நாங்களும் நின்றோம். தோட்ட வரப்பில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

எல்லாருக்கும் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: “காதுல என்ன விழுதோ, அதையே அடுத்த ஆளுக்குச் சத்தமாச் சொல்லணும். ஏன், எதுக்குன்னு நின்னு கேக்கப்படாது.”

சப் ஸ்டேஷனில் லைன் நிறுத்தியிருந்தது. கீழேயிருந்து நீளக் கோலால் கம்பியைச் சோதித்தார்கள். மின்சாரம் இல்லை. அடுத்து அந்தக் கம்பியைத் தரையோடு சேர்த்துச் சங்கிலி மாட்ட வேண்டும், அதுதான் பாதுகாப்பு. ஆனால் முறிந்த முனை ஒரு கிளையில் சிக்கியிருந்தது. அதை விடுவித்தால்தான் சங்கிலி மாட்ட முடியும். எல்லாரும் களைத்துப் போயிருந்ததால் அண்ணன் தானே ஏறினார். பனியில் அது எனக்குத் தெரியவில்லை. யாரோ ஏறுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

மேட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. எனக்கு மேலே நின்றவர் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்: “நிறுத்து!”

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எனக்குக் கீழே நின்றவரைப் பார்த்து, என் வாழ்நாளில் கத்தாத கத்தலாக, “நிறுத்து!” என்றேன். அவர் அடுத்தவருக்கு. அப்படியே அந்தச் சொல் சரிவில் உருண்டு ஓடியது. ஆண் குரல், பெண் குரல், கிழட்டுக் குரல், பிள்ளைக் குரல் எல்லாவற்றிலும் அதே சொல். கம்பத்தடியில் நின்ற சிவலிங்கம் அண்ணனுக்கு அது போய்ச் சேர்ந்ததும் அவர் கத்தியதோடு நிற்காமல் அண்ணன் இடுப்பிலிருந்து தொங்கிய சாமான் கயிற்றையும் பலமாக இழுத்திருக்கிறார். அண்ணன் கம்பிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. இறங்கினார்.

சேற்றில் வழுக்கி, விழுந்து, எழுந்து பாண்டி அண்ணன் மேட்டிலிருந்து ஓடி வந்தார். “தம்பி! தம்பி! கையை வச்சுட்டியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் தரையில் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்ற நாங்களும் கம்பத்தடிக்கு ஓடி வந்துவிட்டோம். மேட்டுக்கு அப்பால் ஒரு பங்களா இருக்கிறது. வெளியூர்க்காரர் யாரோ கட்டியது. அதன் வாசலில் பட்டப்பகலில் பல்பு எரிவதை அவர் பார்த்திருக்கிறார். ஊரே இருளில் கிடக்கும்போது இங்கே எப்படி எரிகிறது? காது கொடுத்துக் கேட்டால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அப்போதுதான் போட்டிருக்கிறார்கள். நேரே வீட்டு வயரிங்கில் செருகியிருந்தார்கள். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காமல் வெளியே வந்து, அண்ணன் தொடப்போன அதே கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கோல் வைத்துச் சோதித்தபோது கோலில் இருந்த விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து நான் என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன். மேலே இருந்தது என் அண்ணன் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

“நான் கத்துனது உனக்குக் கேக்குமோ கேக்காதோன்னு உசுரே போயிருச்சுப்பா” என்றார் பாண்டி அண்ணன். அன்றுவரை ‘சார்’ என்றவர்.

“நீங்க கத்துனது எங்கே கேட்டுச்சுண்ணே? இந்த ஊரு கத்துனதுதான் கேட்டுச்சு” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் மேலும் அத்தனை சேறு.

பங்களாக் காவல்காரர் பயந்து போய் நின்றார். ஊர்க்காரர்கள் சிலர் அடிக்கப் பாய்ந்தார்கள். அண்ணன் தடுத்தார். “அவருக்குத் தெரியாதுய்யா. யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாக” என்று, ஜெனரேட்டரை நிறுத்தி, வயரைப் பிரித்து, ஏன் அப்படிப் போடக்கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் அந்தக் காவல்காரரையே அழைத்து வந்து எங்கள் வரிசையில் ஓர் இடத்தில் நிறுத்தினார்!

சங்கிலி மாட்டி, கம்பி இழுத்து, வேலை முடிந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேட்டின் உச்சியில் மட்டும் போனில் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. அண்ணன் ரோஸ்லினைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“வேலை முடிஞ்சது. லைனை விடலாம்மா.”

“பேரைச் சொல்லுங்க சார். ஒவ்வொருத்தரா.”

அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். பாண்டி, சிவலிங்கம், மற்ற ஆட்கள். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தோம். அவர் நிறுத்தவில்லை. வரிசையில் நின்ற ஊர்க்காரர் ஒவ்வொருவரையும் பார்த்துப் பேர் கேட்டுச் சொன்னார். காவல்காரர் பேரையும் சொன்னார். என்னைப் பார்த்து, “என் தங்கச்சி” என்றார். அந்தப் பக்கம் ரோஸ்லின் ஒவ்வொன்றுக்கும் “சரி”, “சரி” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், “உங்க பேரு சார்?” என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் பேரையும் சொன்னார்.

கரண்ட் வந்தது!

ஒரே நேரத்தில் ஊர் முழுவதும் மஞ்சளாகப் பூத்தது. எவர் வீட்டிலோ பாதியில் நின்றுபோன மிக்ஸி தானாக அலறியது. டி.வி. பேசியது. கேரட் கழுவும் மோட்டார் உறுமியது. பிள்ளைகள் ஒவ்வொரு வீடாக ஓடி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். எங்கள் ஊரில் திருவிழாவுக்குக்கூட அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. சிவலிங்கம் அண்ணனை இளைஞர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். “ஐயோ, விழுந்திருவேன், எறக்கி விடுங்க” என்று கம்பம் ஏறும் மனிதர் கெஞ்சினார். அண்ணன் ஒரு கேரட் மூட்டையில் உட்கார்ந்து, கழுவாத கேரட்டைச் சட்டையில் துடைத்துத் தின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அவ்வளவு நிறைவாகப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் பணி ஓய்வு பெற்றார். பண்ணைக்காட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, விட்டுப்போன ஆண்டு விழாக்களுக்கெல்லாம் ஈடாகப் பேத்தியின் பள்ளிக்கு நடையாக நடந்தார். அந்தச் சுகம் நீண்ட காலம் நீடிக்கவில்லை. வயிற்று வலி என்று மதுரைக்குப் போனவருக்குப் புற்றுநோய் என்றார்கள். அண்ணன் டாக்டரிடம் எல்லாவற்றையும் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்களைத் தேற்றியதும் அவர்தான்.

மதுரையில் மதினி ஒரு நாளும் தனியாக இருக்கவில்லை. அண்ணனின் ஆட்கள் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மலையிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்து சேர்ந்த பிறகுதான் முன்னால் இருந்தவர் கிளம்புவார். வந்தவரிடம் மருந்து என்ன, டாக்டர் என்ன சொன்னார், ராத்திரி எப்படி இருந்தார் என்று எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டே போவார். ஒரு நர்ஸ் மதினியிடம், “உங்களுக்கு இத்தனை கொழுந்தனாருங்களா?” என்று கேட்டார். மதினி யோசிக்காமல், “ஆமாம்மா” என்றார்.

கடைசிக்கு முந்தின நாள் பாண்டி அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டார். “சாப்பிட்டேன் தம்பி” என்றார் இவர். சாப்பிட்டிருக்கவில்லை. உடனே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார், தம்பியிடம் பொய் சொல்லக்கூடாது என்று. மறுநாள் விடிந்து வெயில் வந்த பிறகு, மதினி கையைப் பிடித்தபடி அண்ணன் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் பண்ணைக்காட்டில் நடந்த ஒன்றை உறவுகள் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். மழையும் காற்றுமாக இருந்தது. அண்ணன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய ஃபோர்மேன் தம்பியும் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவர் அண்ணனைப் பார்த்ததுகூட இல்லை. மரியாதைக்காக வந்தவர். பெருமாள்மலைப் பக்கம் லைனில் மரம் விழுந்துவிட்டது என்று போன் வந்தது. அவர் எழுந்து எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போது ஒப்பந்த ஆட்களில் புதியவரான ஒருவர், “சார், காத்து இன்னும் அடங்கலை. இப்ப ஏற வேணாம்” என்றார். நான் பரிமாறும் கரண்டியோடு நின்றுவிட்டேன். ஃபோர்மேன் தம்பி ஒரு நொடி வெளியே பார்த்தார். “சரி. உக்காருங்க எல்லாரும்” என்றார். உட்கார்ந்தார்கள். நான் அந்தப் புதியவர் இலையில் முதல் கரண்டி பாயசத்தை ஊற்றினேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அங்கேதான் வந்தது, அதுவும் சந்தோஷமாக.

அண்ணனின் நோய்க்காலத்தில் துணை நின்ற மதுரை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கு, பண்ணைக்காட்டு அண்டை வீட்டாருக்கு, காரியங்களைத் தங்கள் வீட்டுக் காரியமாக நடத்திக்கொடுத்த மன்னவனூர் ஊராருக்கு நன்றி. பாண்டி அண்ணனுக்கும் சிவலிங்கம் அண்ணனுக்கும் ரோஸ்லினுக்கும் நன்றி என்ற சொல் சிறியது. நீங்கள் எங்களுக்கு உறவு. மதினிக்கு நான் நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், ஆகவே சொல்லவில்லை.

திதியன்று எல்லாரும் அவசியம் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும். அண்ணனின் ஆட்களுக்கென்று ஒரு வரிசை இலை போட்டு வைக்கிறோம். அன்று மழையாக இருந்தால் அந்த வரிசை காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் மனவருத்தப்பட வேண்டாம். சாப்பாட்டைக் கட்டி ஜீப்பில் கொடுத்துவிடுவோம்.

அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

அன்புத் தங்கை,
மன்னவனூர்